அரிக்கமேட்டு ஓடுகள் காட்டும் காலம்

புதுச்சேரி அருங்காட்சியகத்திற்குச் செல்பவர்கள் பல்லவர், சோழர் காலச் சிலைகளின் முன் நிற்பார்கள். செப்புத் திருமேனிகளைக் கண்டு வியப்பார்கள். பிரெஞ்சுக்காரர் விட்டுச் சென்ற கட்டில், நாற்காலிகளைச் சுற்றி வருவார்கள். அரிக்கமேட்டில் கிடைத்த பொருள்களுக்கு அவர்கள் ஒதுக்கும் நேரம் பெரும்பாலும் இரண்டு நிமிடம்தான். அதில் வியப்பில்லை. அங்கிருப்பவை உடைந்த பானை ஓடுகளும் கடுகு, மிளகு அளவிலான மணிகளும். நம் வீட்டுக் கொல்லையில் கிடந்தால் வாரிக் குப்பையில் போட்டிருப்போம்.

ஆனால், தென்னிந்திய வரலாற்றில் எந்த நிகழ்ச்சி எந்த நூற்றாண்டைச் சேர்ந்தது என்னும் கணக்கு பெருமளவுக்கு இந்த ஓடுகளைக் கொண்டுதான் போடப்பட்டது. போட்ட கணக்கில் ஒரு பகுதி பின்னர் திருத்தவும் பட்டது. உள்ளங்கை அகலமுள்ள ஒரு சில்லு, தான் இத்தாலியிலிருந்து வந்ததாகவும் தனக்கு வயது இரண்டாயிரம் என்றும் எப்படிச் சொல்லும்? காரைக்காலிலிருந்து என் மாணவர்கள் சிலருடன் அங்கே சென்றிருந்தபோது எழுந்த கேள்வி இது. இயற்பியல் வகுப்பில் நாம் படிக்கும் செய்திகள் பல இதற்கான விடையில் வருகின்றன.

அலமாரியில் கிடந்த கைப்பிடி

புதுச்சேரிக்குத் தெற்கே ஏறத்தாழ 4 கிலோமீட்டர் தொலைவில், அரியாங்குப்பம் ஆறு வளைந்து கடலை நோக்கித் திரும்பும் இடத்தில், வலக்கரையில் உள்ள மேடு அரிக்கமேடு. 'அருகன் மேடு' என்பதே இப்படி மருவியது என்பார் சிலர். ஆறு அரிக்கும் மேடு என்பார் வேறு சிலர். அங்கே பழைய செங்கற்கள் கிடப்பதை 18ஆம் நூற்றாண்டிலேயே குறித்து வைத்தவர் லெ ஜென்தீல் என்னும் பிரெஞ்சு வானியலார். சூரியனுக்குக் குறுக்கே வெள்ளிக் கோள் கடப்பதை 1769 ஜூனில் அளப்பதற்காகப் புதுச்சேரியில் காத்திருந்தவர் அவர். குறித்த நாளில் மேகம் மூடிக்கொண்டது. வெள்ளியை அவர் காணவில்லை. செங்கற்களையாவது கண்டாரே!

1937இல் ழுவோ துப்ரேய் என்னும் பிரெஞ்சு அறிஞர், அவ்வூர்ப் பிள்ளைகள் மேட்டில் பொறுக்கிய மணிகளையும் கற்களையும் விலைக்கு வாங்கிச் சேர்த்தார். அவற்றுள் ஒரு கல்லில் செதுக்கப்பட்டிருந்த தலை, ரோமப் பேரரசர் அகஸ்டஸ் உடையது என்று அவர் கருதினார். அரிக்கமேடு ஒரு ரோமானிய நகரமே என்றும் முடிவு கட்டினார். ஒரு கல்லை வைத்துக்கொண்டு இத்தனை பெரிய முடிவுக்கு வருவது அவசரம்தான்.

1944இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராகப் பொறுப்பேற்ற மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தின் ஓர் அலமாரியைத் திறந்தபோது ஒரு சாடியின் கழுத்தும் கைப்பிடியும் அவர் கைக்குத் தட்டுப்பட்டன. ஐரோப்பாவில் பல ரோமானிய இடங்களைத் தோண்டிய அனுபவம் உள்ளவர் அவர். கை பட்டதுமே இன்னது என்று தெரிந்துவிட்டது. புதுச்சேரியிலிருந்து வந்தது என்றார்கள். உடனே புதுச்சேரிக்குச் சென்றார். 1945இல் பிரெஞ்சு ஆட்சியின் இசைவோடு அரிக்கமேட்டில் அகழாய்வு நடந்தது. ஏறத்தாழ 45 மீட்டர் நீளமுள்ள ஒரு செங்கல் கட்டடமும், தொட்டிகளும், ஓடுகளும் வெளிப்பட்டன. கட்டடம் ஒரு பண்டகசாலை என்றார் அவர். நாம் ஓடுகளைப் பார்ப்போம்.

அடி கூரான சாடி

முதலில் 'ஆம்போரா' என்னும் மதுச்சாடி. இரு பக்கமும் கைப்பிடி, கழுத்து குறுகலானது, அடி தட்டையாக இல்லாமல் கூராக முடியும். "இதை எப்படித் தரையில் வைப்பது?" என்று ஒரு மாணவர் கேட்டார். திருமலைராயன்பட்டினத்தை அடுத்த பட்டினச்சேரியிலிருந்து வரும் இன்னொரு மாணவர், "தரையில் ஏன் வைக்க வேண்டும்? மணலில் குத்தி நிறுத்தலாமே, சார்! தட்டையாக இருந்தால் அலையில் உருண்டுவிடாதா?" என்றார். மீன்பிடிப் படகு ஏறியவர் சொல்லும் விடை இது. சரியான விடையும் கூட. சாடிகளைக் கப்பலின் அடித்தளத்தில் நெருக்கமாக நிறுத்தி, கீழ் வரிசைச் சாடிகளின் தோள்களுக்கிடையே மேல் வரிசையின் கூர்முனைகளைச் செருகுவார்கள். வளைந்த பரப்பு ஆதலால் அழுத்தம் ஓரிடத்தில் குவியாமல் பரவிவிடும். கோழி முட்டையை நெட்டுவாக்கில் அழுத்தினால் எளிதில் உடைவதில்லை அல்லவா, அது போல. சாடியைச் சாய்த்து ஊற்றும்போது கூர்முனையே மூன்றாவது கைப்பிடியாகவும் உதவும்.

'ஆம்போரா' என்பது ரோமானியர்களுக்கு ஒரு முகத்தல் அளவையும் ஆகும். ஒரு ரோமானிய அடி நம் கணக்கில் சுமார் 29.6 செ.மீ. பக்கத்திற்கு ஓர் அடி உள்ள கனசதுரம் கொள்ளும் அளவே ஓர் ஆம்போரா. பெருக்கிப் பாருங்கள், சுமார் 26 லிட்டர் வரும். சாடிகள் எல்லாம் இதே அளவில் இருந்தன என்று கொள்ள வேண்டாம். நம்மூர்ப் படிகளைப் போல அவையும் ஊருக்கு ஊர் மாறின.

சாடியின் உட்புறத்தில் பைன் மரத்துக் கீலைப் பூசுவது அக்கால வழக்கம். காரணம் எளிது. சுட்ட மண்ணில் நுண்துளைகள் உண்டு. நம் மண்பானையில் நீர் அவற்றின் வழியே கசிந்து ஆவியாகும். ஆவியாவதற்கு வேண்டிய உள்ளுறை வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்வதால் உள்ளே நீர் குளிரும். நமக்கு அது நன்மை. மாதக்கணக்கில் கடலில் வரும் மது வணிகருக்கு அது நட்டம். அதனால் துளைகளைக் கீல் கொண்டு அடைத்தார்கள்.

சாடி எந்த ஊர்ச் சரக்கு என்பதைக் கைப்பிடி சொல்லும். கிரேக்கக் கடலிலுள்ள கோஸ் தீவின் சாடிக்கு இரண்டு உருளைகளை ஒட்டி வைத்தது போன்ற இரட்டைக் கைப்பிடி இருக்கும். அரிக்கமேட்டில் இவ்வகை மிகுதி. பின்னாளில் எலிசபெத் வில் என்னும் அமெரிக்க அறிஞர் சாடித் துண்டுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். மதுச்சாடிகளோடு ஒலிவ எண்ணெய்ச் சாடிகளும், மீனை உப்பிட்டு ஊறவைத்து எடுக்கும் 'காரம்' என்னும் மீன்சாற்றின் சாடிகளும் இருப்பதைக் கண்டார். (பெயர்தான் காரம், நம் காரத்திற்கும் இதற்கும் தொடர்பில்லை.) கொல்லன் தெருவில் ஊசி விற்பது போல, மீன்பிடிக் கரைக்கு மீன்சாற்றைக் கொண்டுவந்தது எதற்காக? நம் மக்கள் மதுவைச் சுவைத்திருக்கலாம். யவனர் கொணர்ந்த மதுவைப் புறநானூறும் குறிப்பிடுகிறது. ஒலிவ எண்ணெயும் மீன்சாறும் இங்கு விலைபோயிருக்கும் என்று நினைக்கத் தோன்றவில்லை. அந்தச் சுவைக்குப் பழகிய சிலராவது இங்குச் சில காலம் தங்கியிருக்க வேண்டும்.

முத்திரை பதித்த சிவப்பு ஓடு

அடுத்தது 'அரெட்டைன்' எனப்படும் சிவந்த, பளபளப்பான கிண்ணம், தட்டு ஆகியவற்றின் ஓடுகள். இத்தாலியின் அரெட்ஸோ நகரின் பெயரால் வழங்குவது. இதன் பளபளப்பு கண்ணாடிப் பூச்சினால் வந்ததன்று, மண்ணினாலேயே வந்தது. இரும்புச் சத்துள்ள களிமண்ணை நீரில் கரைத்துத் தெளிய விட்டால் பெரிய துகள்கள் முதலில் படியும். ஸ்டோக்ஸ் விதிப்படி, ஒரு துகள் இறங்கும் வேகம் அதன் விட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 20 மைக்ரான் விட்டமுள்ள துகள் நீரில் 10 செ.மீ. ஆழம் இறங்க ஏறத்தாழ 5 நிமிடம் போதும். 1 மைக்ரான் துகளுக்கு ஒன்றேகால் நாளுக்கு மேல் ஆகும். ஒரு நாள் பொறுத்து மேல்நீரை மட்டும் வடித்தால் மிக நுண்ணிய களிமண் கிடைக்கும். காய்ந்த கிண்ணத்தை அதில் தோய்த்துச் சூளையில் சுட்டால், நுண்துகள்கள் ஒன்றோடொன்று உருகி ஒட்டி வழவழப்பான மேற்பரப்பாகிவிடும். ஸ்டோக்ஸ் பிறப்பதற்குப் பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு முன் குயவர்கள் அவர் விதியைக் கையாண்டார்கள்.

இந்தக் கலங்களின் உட்புற நடுவில் குயவர் அல்லது பட்டறைக்காரர் தம் பெயரை முத்திரையாகப் பதிப்பார். அரிக்கமேட்டில் கமூரி, இத்தா போன்ற முத்திரைகள் கிடைத்தன. இத்தாலியிலும் ஐரோப்பிய நாடுகளிலும் இவ்வகை ஓடுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருப்பதால், எந்தப் பட்டறை எப்போது நடந்தது என்பது நன்கு தெரியும். அரெட்டைன் கலங்கள் பெருமளவில் செய்யப்பட்டது கி.மு. 1ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி தொடங்கிக் கி.பி. 1ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரைதான். ஆகவே இவ்வோடு கிடைக்கும் மண்ணடுக்கு அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. கலம் உடைந்துபோகும் பொருள் என்பதால், பல தலைமுறை பிந்தியதாகவும் இருக்காது. இதுவே வீலரின் அளவுகோல்.

ஆய்வுக்கூடக் கருவிகளால் இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியாதா என்று கேட்கலாம். என் துறையைச் சேர்ந்த வாசகர்களுக்குச் சற்று ஏமாற்றமான விடை: முடியாது. கார்பன் 14 முறை கரி, மரம், எலும்பு ஆகியவற்றுக்கு ஏற்றது. சுட்ட ஓட்டின் மண்ணுக்கு அன்று. அதன் அரைவாழ்வு 5730 ஆண்டுகள். 2000 ஆண்டுப் பழைய கரியில் தொடக்க அளவில் ஏறத்தாழ 78.5 விழுக்காடு எஞ்சியிருக்கும். இதை அளப்பதில் நூற்றுக்கு ஒரு பங்கு பிசகினால் விடையில் எண்பது ஆண்டு தவறிவிடும். ஓட்டுக்கு உரியது வெப்ப ஒளிர்வு முறை. மண்ணிலுள்ள குவார்ட்ஸ் போன்ற படிகங்கள், சுற்றியுள்ள கதிரியக்கத்தின் ஆற்றலை வாங்கி, எலெக்ட்ரான்களைத் தம் குறைபாடுகளில் சிறைப்பிடித்து வைத்துக்கொள்ளும். சூளையில் சுடும்போது எல்லாம் விடுதலையாகி, கணக்கு சுழியாகும். அன்று முதல் மீண்டும் சேரும். இன்று ஆய்வுக்கூடத்தில் சூடாக்கினால் சேர்ந்த ஆற்றல் மெல்லிய ஒளியாக வெளிப்படும். ஒளியை அளந்து வயதைக் கணக்கிடலாம். இதில் பிழை பொதுவாக 5 முதல் 10 விழுக்காடு வரை இருக்கும். 2000 ஆண்டில் அது 100 முதல் 200 ஆண்டு! முகமறியாத ஒரு குயவரின் முத்திரை இதைவிட நல்ல கடிகாரம்.

கறுப்பு ஓட்டின் கதை

வீலர் இந்தக் கடிகாரத்தைக் கொண்டு இன்னொரு கடிகாரத்தைச் சரி செய்தார். அரிக்கமேட்டில் மெல்லிய, சாம்பல் அல்லது கறுப்பு நிறமான, தட்டினால் கணீரென ஒலிக்கும் தட்டுகளின் ஓடுகளும் கிடைத்தன. உட்புறத்தில் வட்ட வட்டமாகப் புள்ளிக் கோலம் இருக்கும். பற்கள் உள்ள சிறு சக்கரத்தை உருட்டிப் போட்ட கோலம் என்பதால் 'ரௌலெட்டட்' ஓடு என்று பெயர். சுழலும் தட்டில் மெல்லிய அலகைப் பிடித்தால் அது அதிர்ந்து அதிர்ந்து விழும் வடுக்களே இவை என்று கருதுவாரும் உண்டு. நிறத்திற்குக் காரணம் சூளையின் காற்று. ஆக்சிஜன் தாராளமாகக் கிடைத்தால் மண்ணிலுள்ள இரும்பு சிவப்பு ஆக்சைடாகும். காற்றை அடைத்துப் புகைய விட்டால் கறுப்பு ஆக்சைடாகும்.

அரெட்டைன் ஓட்டோடு சேர்ந்து கிடைத்ததால் இதன் காலமும் தெரிந்துவிட்டது. அரெட்டைன் கிடைக்காத உள்நாட்டு ஊர்களிலும் இது கிடைத்ததால், அவற்றின் மண்ணடுக்குகளுக்கும் காலம் குறிக்க முடிந்தது. 1947இல் கர்நாடகத்துப் பிரம்மகிரியில் வீலர் செய்தது இதைத்தான். அரிக்கமேட்டு ஓடுகளில் கீறப்பட்டிருந்த தமிழ்ப் பிராமி எழுத்துகளுக்கும் இவ்வழியே காலம் கிடைத்தது. மிக அருமையான முறை. ஆனால் வீலர் இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டார்: ரௌலெட்டட் ஓடும் மத்தியதரைக் கடலிலிருந்து வந்தது, அல்லது அங்கிருந்து வந்த கைத்திறனின் விளைவு என்றார். அது உண்மையானால், அந்த ஓடு கிடைக்கும் ஊருக்கெல்லாம் மேற்கின் செல்வாக்கு வந்துவிடும். அரிக்கமேடும் ஏதோ ரோமானியர் வந்து எழுப்பிய ஊர் போலாகிவிடும். பாடப்புத்தகங்கள் பலவற்றில் அரிக்கமேடு அப்படித்தான் இடம்பெற்றது.

இதை மறுத்தவர் விமலா பெக்லி. வடிவத்தையும் மண்ணடுக்கையும் மறுபடி ஆராய்ந்து, இவ்வோடு இந்தியக் கைவினையே என்றும், ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்பே புழங்கியது என்றும் 1980களில் எழுதினார். 1989 முதல் 1992 வரை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. வி. ராமனுடன் இணைந்து அரிக்கமேட்டில் மீண்டும் அகழாய்வு செய்தார். அகஸ்டஸ் காலத்துக்கு முன்னரே, குறைந்தது கி.மு. 2ஆம் நூற்றாண்டிலேயே அங்கு ஊர் இருந்தது. ரோமானிய வணிகம் ஓய்ந்த பிறகும் மக்கள் வாழ்ந்தார்கள். சோழர் நாணயங்களும் சீனப் பீங்கானும் கூட அங்கே கிடைத்துள்ளன.

பெக்லி சொன்னதை மண்ணே உறுதி செய்தது. ஓட்டைப் பொடித்து எக்ஸ் கதிர்களைச் செலுத்தினால், படிகத்தின் அணு அடுக்குகள் குறிப்பிட்ட கோணங்களில் மட்டும் கதிரைத் திருப்பும். பிராக் விதியை எம்.எஸ்ஸி. வகுப்பில் கணக்காகப் போடுகிறோமே, அதுவேதான். கோணங்களை அளந்தால் மண்ணில் எந்தக் கனிமங்கள் உள்ளன என்று தெரியும். புணே டெக்கான் கல்லூரியின் கோக்டே இம்முறையில் ஆராய்ந்து, ரௌலெட்டட் ஓட்டின் மண் வங்காளத்தின் சந்திரகேதுகர், தாம்லுக் பகுதியைச் சேர்ந்தது என்று 1997இல் வெளியிட்டார். அதற்குமுன், 1991இல், இந்தோனேசியாவின் பாலித் தீவிலுள்ள செம்பிரான் என்னும் இடத்தில் கிடைத்த ஓடுகளை நியூட்ரான்களால் தாக்கி ஆராய்ந்த முடிவுகள் வந்தன. நியூட்ரானை வாங்கிய அணுக்கள் கதிரியக்கம் பெற்றுக் காமாக் கதிரை வீசும். ஒவ்வொரு தனிமத்தின் காமாக் கதிருக்கும் தனி ஆற்றல் உண்டு. பத்து லட்சத்தில் சில பங்கே உள்ள தனிமத்தையும் இதனால் அளக்கலாம். பாலியின் ஓடும் அரிக்கமேட்டு ஓடும் மண்ணால் ஒன்றாகவே இருந்தன. கடலூரை அடுத்த காரைக்காட்டிலும் (நம் காரைக்கால் அன்று) இலங்கை அனுராதபுரத்திலும் கிடைப்பது இதே வகை ஓடுதான்.

ஆக, இத்தாலியத் தட்டு வருவதற்கு முன்பே, வங்காளம் முதல் இலங்கை வரை இந்தக் கரை நெடுகிலும் நம் மரக்கலங்கள் சரக்கு ஏற்றிச் சென்றுகொண்டிருந்தன. கிழக்கே பாலி வரையும் அந்த ஓடு போய்ச் சேர்ந்தது. நடந்துகொண்டிருந்த சந்தைக்கு ரோமானியரும் வந்தார்கள் என்பதே சரி. வீலரின் ஆண்டுக்கணக்கு பெரும்பாலும் நின்றது. ஊர் யாருடையது என்ற முடிவுதான் விழுந்தது.

மணியின் உள்ளே குமிழி

அருங்காட்சியகத்திற்கு ஒரு கைக்கண்ணாடியைக் கொண்டு போங்கள். மணிகளுக்கு அது தேவைப்படும். அரிக்கமேட்டில் கண்ணாடி மணிகளை அங்கேயே செய்தார்கள். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று சின்னஞ்சிறு மணிகள். பெரும்பாலும் 6 மில்லிமீட்டருக்குள். ஒவ்வொன்றாக உருட்டிச் செய்தவை அல்ல இவை. உருகிய கண்ணாடிக் கட்டியின் நடுவே துளையிட்டு, நீளக் குழலாக இழுத்து, ஆறியபின் துண்டு துண்டாக நறுக்கிச் செய்தவை. இழுக்கும்போது குழல் மெலியும், துளையும் அதே விகிதத்தில் சிறுக்கும், ஆனால் அடைபடாது. கண்ணாடியின் பாகுநிலை வெப்பத்தைப் பொறுத்து மிக வேகமாக மாறுவதால், இழுபடும் பகுதி காற்றில் பட்டவுடன் இறுகிவிடுவதே காரணம். கண்ணாடிக்குள் அகப்பட்ட காற்றுக் குமிழிகளும் இழுபட்டு, துளைக்கு இணையாக நீளும். கம்பியில் சுற்றிச் செய்த மணியில் குமிழிகள் துளையைச் சுற்றி வளைந்திருக்கும். எப்படிச் செய்த மணி என்பதைக் குமிழியைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டையில் இந்தக் குழல் இழுக்கும் தொழில் நம் காலம்வரை நிலைத்திருந்ததை பீட்டர் ஃபிரான்சிஸ் என்பவர் நேரில் கண்டு பதிவு செய்தார். இவ்வகை மணிகள் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலும் கொரியாவிலும் கூடக் கிடைக்கின்றன.

அங்கிருந்து அரிக்கமேட்டுக்கும் போனோம். பார்ப்பதற்கு ஒரு தென்னந்தோப்பு, 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டிய கட்டடத்தின் இரண்டு தூண்கள், ஆற்றங்கரை. பழங்காலச் செங்கற்களைப் பின்வந்தோர் பெயர்த்துக் கொண்டுபோன குழிகள் வீலரின் அகழாய்விலேயே தெரிந்தன. கரையை ஆறு அரித்துக்கொண்டிருக்கிறது. மழைக்குப் பிறகு ஓட்டுச் சில்லுகள் சரிவில் தலைகாட்டும். மாணவர் ஒருவர் ஒன்றை எடுத்து, "இதன் வயதைக் கண்டுபிடிக்கலாமா, சார்?" என்றார். சரிவில் உருண்ட ஓட்டுக்கு மண்ணடுக்கு என்னும் சாட்சி போய்விட்டது. வெப்ப ஒளிர்வு முறைக்கும், ஓடு இத்தனை காலம் புதைந்திருந்த மண்ணின் கதிரியக்க அளவு வேண்டும்; அது எந்த மண் என்று இப்போது யாருக்குத் தெரியும்? மண்ணின் கனிமங்களைக் கொண்டு எங்கே செய்தது என்று சொல்லலாம். எப்போது, யார் வீட்டில், எதனோடு சேர்ந்து உடைந்தது என்று சொல்ல முடியாது. அவர் கையிலிருந்த ஓட்டில் முத்திரையும் இல்லை, கோலமும் இல்லை. உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. கவிழ்த்துவைத்துச் சுட்ட, நம் ஊர்ச் சோற்றுக் கலம்.